கரண்ட் போன ராத்திரி: இன்வெர்ட்டரா, சார்ஜ் ஃபேனா, மொட்டை மாடியா?

கரண்ட் போனதும் எங்கள் வீட்டில் முதலில் விழிப்பது சின்னவன்தான். இரண்டு வயது. ஃபேன் இறக்கை கடைசி ரெண்டு சுற்றைத் தயங்கித் தயங்கி முடிப்பதற்குள் "ம்மா" என்று ஒரு முனகல் வரும். பெரியவளுக்கு ஆறு வயது. அவள் எழ மாட்டாள், ஆனால் தலையணை உறை நனையும் அளவுக்கு வேர்த்துக் கிடப்பாள். நான் இருட்டில் விசிறியைத் தேடுவேன். அது எப்போதும் யாராவது ஒருவர் முதுகுக்கு அடியில்தான் இருக்கும்.

போன மே மாதம் இப்படி நாலைந்து ராத்திரி போனதும், இந்த முறை எதையாவது வாங்கியே தீருவது என்று நானும் அவரும் உட்கார்ந்தோம். கையில் இருந்தது 25,000 ரூபாய். சென்னையில் மேடவாக்கம் பக்கம் வாடகை வீடு, முதல் மாடி, ஒரு பெட்ரூம், ஒரு ஹால். கொழுந்தன் இன்வெர்ட்டர்தான் என்றான். எதிர் வீட்டு அக்கா சார்ஜ் ஃபேன் போதும் என்றார். "நீங்கள்லாம் விசிறியிலதானே வளர்ந்தீங்க" என்று அம்மா ஃபோனை வைத்துவிட்டாள். ரெண்டு வாரம் எல்லாவற்றையும் விசாரித்து, சிலதை இரவல் வாங்கிப் பார்த்து, கணக்குப் போட்டு முடிவெடுத்தோம். எங்கள் மாதிரி யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவலாம்.

சாமானுக்குப் போவதற்கு முன், எந்தக் கரண்ட் கட்டுக்காக வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுப்பது ஒரு வகை. முதல் நாளே பேப்பரில் வந்துவிடும். டேங்கை நிரப்பி, மாவை முதல் நாளே அரைத்து, சமையலை ஒன்பதுக்குள் முடித்துவிட்டால் தப்பிக்கலாம். கோடை ராத்திரியில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ போவது ரெண்டாவது வகை. மூன்றாவது புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தெருவில் தண்ணீர் நின்றதால், பாதுகாப்புக்காகவே கரண்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் தெருவுக்கு நாலாம் நாள்தான் வந்தது. அந்த நாலு நாளுக்காக வாங்குவதும் கோடையின் மூன்று மணி நேரத்துக்காக வாங்குவதும் ஒன்றல்ல. கடையில் இந்த ரெண்டையும் ஒன்றாக்கித்தான் விற்கிறார்கள்.

அடுத்தது, குழந்தைக்கு எது தாங்காது என்பது. பெரியவர்கள் நாம் வெளிச்சத்தைத்தான் முதலில் தேடுகிறோம். எமர்ஜென்சி லைட், டார்ச், மெழுகுவர்த்தி என்று ஓடுகிறோம். எங்கள் பிள்ளைகள் இருட்டைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. சுவரில் கை நிழலால் மான் காட்டினால் அரை மணி ஓடிவிடும். அவர்களுக்குத் தாங்காதது புழுக்கமும் கொசுவும்தான். அதனால் எங்கள் கணக்கு இப்படி ஆனது: வெளிச்சத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் செலவில்லை, மீதி அத்தனையும் காற்றுக்கு.

வெளிச்சம் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குழந்தை இருக்கும் வீட்டில் மெழுகுவர்த்தி வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக அகல் விளக்கு மாதிரி மினுக்கும் பேட்டரி விளக்குகள் வாங்குகிறோம். அவற்றில் பலவற்றுக்குள்ளே இருப்பது காசு வடிவப் பட்டன் பேட்டரி. அது குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கினால் ரெண்டே மணி நேரத்தில் சதை வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கொலுவுக்கு வாங்கிய ஒரு டஜன் விளக்கை நான் அன்றைக்கே எடுத்து வீசினேன். மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

சரி, காற்றுக்கு வருவோம்.

கடைக்குப் போவதற்கு முன் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தோம். எங்கள் கட்டிடத்துக்கு வருவது மூன்று ஃபேஸ், அதாவது கரண்ட் தனித்தனியாக மூன்று கம்பிகளில் வருகிறது. கோடையில் பல ராத்திரி போவது முழுக் கரண்ட் இல்லை, ஒரே ஒரு ஃபேஸ். எதிர் வீட்டில் விளக்கு எரிகிறது, நம் வீட்டில் இல்லை, சில சமயம் நம் வீட்டிலேயே ஹாலில் இருக்கிறது, பெட்ரூமில் இல்லை என்றால் அதுதான் காரணம். மீட்டருக்குப் பக்கத்தில் ஃபேஸ் மாற்றும் செலக்டர் ஸ்விட்ச் இருந்தால், ஒரு திருகு திருகி உயிரோடு இருக்கும் ஃபேஸுக்குப் போய்விடலாம். மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தும் இந்த ஸ்விட்ச் இல்லாத வீடுகள் நிறைய. நல்ல எலக்ட்ரீஷியன் அரை நாளில் போட்டுவிடுவார். மொத்தப் பட்டியலிலும் விலை குறைந்தது இதுதான். மாற்றும்போது ஏசியையும் கீசரையும் அணைத்துவிட வேண்டும். எல்லாச் சுமையும் ஒரே ஃபேஸில் ஏறினால் அதுவும் போய்விடும்.

பேட்டரியோடு வரும் சார்ஜ் ஃபேனை எதிர் வீட்டு அக்காவிடம் ஒரு வாரம் இரவல் வாங்கினேன். நல்ல சாமான்தான். தரையில் பாய் போட்டுப் படுத்தால் கால்மாட்டில் வைத்து நேராக முகத்துக்கு வீசும்படி வைக்கலாம். சீலிங் ஃபேன் அனலை மேலிருந்து கீழே தள்ளுவதைவிட இது பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், அம்மா வீட்டுக்கும் கொண்டு போகலாம். வயரிங் இல்லை, வீட்டு ஓனரிடம் கேட்க வேண்டியதில்லை. மூவாயிரம், நாலாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

குறை என்னவென்றால், பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு எல்லாம் குறைந்த வேகத்துக்கு உரியது. முழு வேகத்தில் வைத்தால் எங்களுக்கு மூன்று மணி நேரம் வந்தது. குறைத்து வைத்தால் நீளும், ஆனால் மே மாதத்தில் குறைந்த வேகம் வாயால் ஊதுவது மாதிரிதான் இருக்கும். ரெண்டு பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு ஃபேன் என்றால் "அவன் பக்கமே திரும்புது" என்ற பஞ்சாயத்து வேறு. அதைவிட முக்கியமான குறை, ஆறு மாதம் அலமாரி மேலே கிடந்தால் பேட்டரி செத்துப் போகும். மாதம் ஒரு முறை சார்ஜ் போடும் ஒழுங்கு உள்ளவர்களுக்கான சாமான் இது. நான் அந்த ரகமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சின்னக் குழந்தை இருந்தால் கம்பி வலையின் இடைவெளியில் விரல் நுழையுமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். நம் விரலைவிட்டுப் பார்த்துப் பிரயோஜனமில்லை, பென்சிலை விட்டுப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் கடையில் முதல் கேள்வி, "எத்தனை ஃபேன், எத்தனை லைட்?" அடுத்த நிமிடம் "150 ஏஹெச் டியூபுலர் போட்ருங்க மேடம், ஆறு மணி நேரம் அசையாது." ஏஹெச் என்பது பேட்டரியின் கொள்ளளவு (ஆம்பியர் மணி), டியூபுலர் என்பது ஈய அமில பேட்டரியில் ஒரு ரகம். இந்த ஆறு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட், 150 ஏஹெச் என்றால் பெருக்கினால் 1,800 வாட் மணி. ஈய அமில பேட்டரியை முழுக்க உறிஞ்சக் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். ஆகவே கைக்கு வருவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 1,150 வாட் மணி என்று வைத்துக்கொள்ளலாம். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். ரெண்டு ஃபேன், ஒரு 9 வாட் பல்பு, வைஃபை பெட்டி 10 வாட் எல்லாம் சேர்த்தால் 170 வாட் பக்கம். வகுத்தால் ஆறே முக்கால் மணி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் கண்ணில் பட்டது பேட்டரி இல்லை, ஃபேன். 170 வாட்டில் 150 வாட்டை ரெண்டு ஃபேனே தின்கிறது. பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடுவது) என்று இப்போது வருவது 28 முதல் 35 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ரெண்டையும் மாற்றினால் மொத்தச் சுமை 80 வாட்டுக்கு இறங்குகிறது. அப்போது பெரிய பேட்டரியே வேண்டாம். 100 ஏஹெச் போட்டால் கைக்கு வருவது 780 வாட் மணி சுமார், அதை 80ஆல் வகுத்தால் ஒன்பதரை மணிக்கு மேல். சின்ன பேட்டரி பெரிய பேட்டரியை ஜெயிக்கிறது. கரண்ட் இருக்கும் நாளிலும் பில் குறைகிறது. வீடு மாறினால் ஃபேனைக் கழற்றிக்கொண்டு போகலாம். கடையில் இதை யாரும் சொல்லவில்லை. பெரிய பேட்டரி விற்பவரிடம் நாம்தான் அதை எதிர்பார்க்கக் கூடாது. பிஎல்டிசி ஃபேன் மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேர் லைன் கொடுக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரோடு விட்டால் கெட்டுப் போகலாம்.

இன்வெர்ட்டரில், அது தரும் கரண்டின் அலை வடிவத்தைப் பொறுத்து, ஸ்கொயர் வேவ், சைன் வேவ் என்று ரெண்டு உண்டு. சைன் வேவ்தான் லைனில் வரும் கரண்ட் மாதிரி. ஸ்கொயர் வேவ் ஆயிரம், ரெண்டாயிரம் மலிவு. அதில் பழைய ஃபேன் 'ஙொய்ய்' என்று முனகிக்கொண்டே ஓடும். தூங்கும் குழந்தை அந்த முனகலுக்கே எழும். கரண்ட் போயும் தூக்கம் கெடும், இன்வெர்ட்டர் போட்டும் தூக்கம் கெடும் என்றால் எதற்குக் காசு? சைன் வேவ்தான்.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நாத்தனார் வீட்டில் ஹால் மூலையில், டிராலி மேலே வைத்திருந்தார்கள். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது சின்னவன் சத்தமே இல்லாமல் இருந்தான். இந்த வயசில் சத்தமில்லை என்றாலே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தால், பேட்டரியின் மேலே தண்ணீர் அளவு காட்டும் சிவப்புத் தலை மிதவை ஒன்றைப் பிடுங்கி, குச்சி மிட்டாய் மாதிரி கையில் பிடித்து நிற்கிறான். நுனியில் ஆசிட் சொட்டுகிறது. வாய்க்குப் போகவில்லை, நல்ல வேளை. சட்டையைக் கழற்றி வீசி, கையைக் குழாயடியில் கால் மணி நேரத்துக்கும் மேல் காட்டினோம். உள்ளங்கை கொஞ்சம் சிவந்ததோடு போயிற்று. டிராலிக்கு மூடி இருந்தது, மூடாமல் விட்டது நாங்கள்தான். அதனால் எங்கள் வீட்டில் பேட்டரி பால்கனியில், கிரில்லுக்கு அந்தப் பக்கம், மழை படாத மூலையில்தான் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டோம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வருவதால் பெட்ரூமில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி வைத்த இன்வெர்ட்டரில் ஆசிட் தொல்லையும் இல்லை, தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. விலைதான் எங்கள் பட்ஜெட்டைத் தாண்டியது. தாங்குபவர்கள் தாராளமாக அதற்கே போகலாம்.

எலக்ட்ரீஷியன் வரும்போது நாங்கள் கேட்டு வாங்கிய ஒன்று: பெட்ரூமில் கட்டிலுக்குப் பக்கத்து பிளக் பாயின்ட்டையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்தது. கொசு விரட்டும் மெஷினும் கரண்டோடு சேர்ந்து போய்விடும் என்பது மூன்றாம் ராத்திரிதான் எனக்கு உறைத்தது. சில வாட் குடிக்கிற சாமான் அது. வழக்கமாக ஃபேன், லைட்டை மட்டும் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த பாயின்ட்டில் மிக்சியையோ அயர்ன் பாக்ஸையோ மாட்டுவதில்லை என்று என் கணவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பிள்ளைக்கு வீசிங் இருந்து வீட்டில் நெபுலைசர் வைத்திருப்பவர்களுக்கு வேறு யோசனை வேண்டும். நெபுலைசர் இன்வெர்ட்டரில் ஓடும். ஆனால் மாஸ்க் வைத்த ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) இன்ஹேலரும் இருந்தால் கரண்டே தேவையில்லை. தன் பிள்ளைக்கு அது சரிப்படுமா என்று டாக்டரிடம் மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு, பழகியும் வைத்துக்கொள்வது நல்லது. நடுராத்திரி இருட்டில் முதல் முறை மாஸ்க் வைத்தால் எந்தக் குழந்தையும் ஒத்துழைக்காது.

ஜெனரேட்டரை அதிக நேரம் யோசிக்கவில்லை. அபார்ட்மென்ட்டில் பொது ஜென்செட் இருந்தால் உங்கள் வீட்டுக்கு எத்தனை பாயின்ட் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பல இடங்களில் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் போக ஒரு ஃபேன், ஒரு லைட் கொடுத்திருப்பார்கள். அதுவே போதும். தனி வீட்டில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரைப் பால்கனியிலோ ஜன்னலுக்குக் கீழேயோ வைத்து ஓட்டுவது கொலைக்குச் சமம். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கும் குழந்தை தூங்கியபடியே போய்விடும். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபிறகு டெல்டாவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாக நிறுத்தி, மேல் டேங்க் நிரப்பிக்கொண்டார்கள். நமக்கான ஜெனரேட்டர் அதுதான், தெருவுக்கு ஒன்று, தண்ணீருக்கு மட்டும். வீட்டு இன்வெர்ட்டர் ஒரு எச்பி மோட்டாரை இழுக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது காசில்லாத வழி. அம்மா சொன்னது முழுக்கத் தப்பில்லை. மொட்டை மாடி இருக்கிறதே. ஆனால் நேராகப் பாயைத் தூக்கிக்கொண்டு ஏறினால் தளம் தோசைக்கல் மாதிரி இருக்கும். பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது ராத்திரி பத்து வரைக்கும் கக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு வாளி தண்ணீர் கொட்டி, எட்டு மணிக்கு இன்னொரு ரெண்டு வாளி கொட்டினால் ஒன்பதரைக்குப் படுக்கலாம். மடக்குக் கொசு வலை வேண்டும். மாடிப்படிக் கதவைத் தாழிட்டு, சின்னவனை நடுவில் போட்டு, கைப்பிடிச் சுவர் பக்கம் நாம் படுக்க வேண்டும். சுவர் இடுப்பளவுகூட இல்லாத வீடுகளில் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு இதைவிடச் சந்தோஷமான ஏற்பாடு கிடையாது. பெரியவள் நட்சத்திரம் எண்ணுவாள், விமானத்தையும் சேர்த்து. ஆனால் கரண்ட் போவது ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு. தூங்குகிற ரெண்டு பேரைத் தோளில் போட்டு, பாய், வலை, தலையணை, தண்ணீர் பாட்டிலோடு ஏறி முடிக்கும்போது கரண்ட் வந்துவிடும். ரெண்டு முறை அப்படித்தான் ஆனது. மாடி என்பது முன்கூட்டியே முடிவு செய்து படுக்கப் போகும் இடம், ஓடி ஒளியும் இடமில்லை.

அம்மா வீடு செங்கல்பட்டில். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாவிட்டால் இதைவிட நல்ல வழி இல்லை, ஒரு நிபந்தனையோடு: முன்னாடியே கிளம்ப வேண்டும். மிக்ஜாம் சமயத்தில் "மழை விட்டதும் போகலாம்" என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமை ரயிலும் இல்லை, தெருவும் இல்லை. அந்த நாலு நாளில் எங்களிடம் இன்வெர்ட்டர் இருந்திருந்தாலும் முதல் ராத்திரியோடு அதன் சார்ஜ் தீர்ந்திருக்கும். டிசம்பர் ஆனதால் புழுக்கமும் பெரிதாக இல்லை. அப்போது தவித்தது தண்ணீருக்கும், பாலுக்கும், ஃபோன் சார்ஜுக்கும். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம்தான் குளிர்ச்சி நிற்கும். அதன்பிறகு அதில் இருக்கும் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் அக்டோபர் முதலே வெளியில் வைத்தாலும் கெடாத அட்டைப் பெட்டிப் பால் ஆறு, ஓஆர்எஸ் பாக்கெட் பத்து, முழு சார்ஜோடு ஒரு பவர் பேங்க், குடிநீர் கேன் கூடுதலாக ரெண்டு. புயலுக்கு எங்கள் முதலீடு அவ்வளவுதான். ஆறு மாதத்துக்குட்பட்ட தாய்ப்பால் குழந்தைக்கு எவ்வளவு புழுக்கமானாலும் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. அடிக்கடி பால் கொடுத்தால் போதும். ஆறேழு மணி நேரம் சிறுநீரே போகவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, சுணங்கிக் கிடக்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது.

கடைசியில் நாங்கள் செய்தது: பிஎல்டிசி ஃபேன் ரெண்டு, 100 ஏஹெச் பேட்டரியோடு சின்ன சைன் வேவ் இன்வெர்ட்டர், செலக்டர் ஸ்விட்ச், ஒரு மடக்குக் கொசு வலை. 25,000த்தைக் கொஞ்சம் தாண்டியது. வீட்டு ஓனரிடம் கேட்டபோது "சுவத்த உடைக்காம பண்ணிக்கோங்க" என்றார், அதனால் ஒயர் சுவருக்கு வெளியே கேசிங் என்ற மூடிய பட்டைக்குள் ஓடுகிறது, பார்க்க அழகில்லை. சொந்த வீடாகவும், ஃபேஸ் போகும் தொல்லை மட்டுமாகவும் இருந்திருந்தால் ஸ்விட்ச்சோடு நிறுத்தியிருப்பேன். ஒரே குழந்தை, கரண்ட் கட் ஒரு மணி நேரத்தைத் தாண்டாத ஏரியா என்றால் அக்கா சொன்ன சார்ஜ் ஃபேன் போதும், இன்வெர்ட்டர் வீண்.

பேட்டரிக்கு ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் பார்க்க வேண்டும். அந்த வேலை அவருடையது என்று எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். முதல் ரெண்டு மாதம் அடுத்த வாரம் முடிகிறது.